மணல் கப்பலில் முதல் வாரம்: சுரங்க வேலைக்குப் போகும் புதியவருக்கு

சுங்கை பீசிக்கு அருகே, மைன்ஸ் பேரங்காடியை ஒட்டிய ஏரியைப் பார்க்காத கோலாலம்பூர்க்காரர் குறைவு. அது ஹொங் ஃபாட் ஈயச் சுரங்கம் தோண்டிய குழி. உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியிருந்தது. இன்று அதன் கரையில் ஹோட்டல் நிற்கிறது. சன்வே லகூனும் கெப்போங் மெட்ரோபோலிட்டன் பூங்காவும்கூட அப்படித்தான். ஈய லம்பம் (சுரங்கம்) போய்விட்டது, தண்ணீர் தங்கிவிட்டது.

1985 அக்டோபரில் ஈய விலை சரிந்த பிறகு, குட்டையில் மிதந்தபடி ஈய மண்ணைத் தோண்டும் இயந்திரங்களான ஈயக் கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன. தோண்டும் வேலை மட்டும் நிற்கவில்லை. பெஸ்தாரி ஜெயாவிலும் டெங்கிலிலும், அதேபோல மிதக்கும் மணல் கப்பல்களை வைத்து மணல் எடுக்கிறார்கள். காஜாங், செமினி, ரவாங் பக்கம் கருங்கல் உடைக்கிறார்கள். பேராக்கின் கிளியான் இந்தானில் இன்றும் ஈயம் வருகிறது. எங்கள் தாமானில் இருந்தே ஆண்டுக்கு இரண்டு மூன்று பையன்கள், "மாமா, மணல் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். நான் ஈயக் கப்பலில் ஒயர்மேனாகச் சேர்ந்து, மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாகி, கடைசி ஆண்டுகளை மணல் கப்பலிலும் கல் குவாரியிலும் கழித்தவன். அவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற இயந்திரத்தைக் கண்டு புதியவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள், சரிதான். நின்ற இயந்திரம், அசையாத தண்ணீர், தளர்ந்து கிடக்கும் கம்பிக் கயிறு, காய்ந்த சேறு, மூடிக் கிடக்கும் அறை ஆகியவற்றைக் கண்டு யாரும் ஒதுங்குவதில்லை. என் கண்ணெதிரே நடந்த மோசமான விபத்துகள் பெரும்பாலும் இவற்றில்தான் நடந்தன.

கையெழுத்துப் போடும் முன்

நீங்கள் சேரப்போகும் இடம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று கேளுங்கள். ஈயம், தங்கம், இரும்பு போன்ற கனிமம் என்றால் 1994ஆம் ஆண்டின் கனிம மேம்பாட்டுச் சட்டம். ஜே.எம்.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கனிமவள, புவி அறிவியல் துறை மேற்பார்க்கிறது. எங்கே, எப்படி, எவ்வளவு ஆழம் தோண்டுவோம், கழிவு நீரை எங்கே தேக்குவோம் என்ற சுரங்க நடைமுறைத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்காமல் தோண்டக் கூடாது. மணலும் கருங்கல்லும் வேறு கணக்கு. அவை நிலச் சட்டத்தில் 'பாறைப் பொருள்'. நில அலுவலகம் தரும் 4சி பாரம் இல்லாமல் ஒரு லாரி மணலைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது.

இது தவுக்கேயின் (முதலாளியின்) தலைவலி, எனக்கென்ன என்று நினைக்காதீர்கள். பெர்மிட் இல்லாத இடத்தில் பணியாளர் பதிவேடும் இருக்காது, பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கான சந்தாவும் இருக்காது. இரவில் மட்டும் மணல் எடுக்கும் இடம் என்று யாராவது சொன்னால், சம்பளம் எவ்வளவு என்று கேட்காமலே திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டு வகை இடத்துக்கும் பொதுவாக 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதில் மூன்று பிரிவுகளைப் புதியவர் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். 26ஆம் பிரிவின்படி, சட்டம் கேட்கும் பாதுகாப்புச் சாமான்களுக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. ஹெல்மெட்டுக்கும் உயிர்காப்பு அங்கிக்கும் முதல் மாதச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றால் அது தவறு. 26ஏ பிரிவு திருத்தத்தில் புதிதாக வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நீங்கள் சொல்லியும் முதலாளி அதை நீக்கவில்லை என்றால், அந்த வேலையை விட்டு விலகி நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்றாவது 24ஆம் பிரிவு, இது உங்களை நோக்கிப் பேசுகிறது: கொடுத்த பாதுகாப்புச் சாமான்களை அணிய வேண்டும், உங்களையும் பக்கத்தில் இருப்பவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாளி தன் கடமையில் தவறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். திருத்தத்துக்கு முன் அது 50,000 ரிங்கிட்டாக இருந்தது.

முதல் நாள்: கை வைக்காதீர்கள், நடந்து பாருங்கள்

அமெரிக்காவில் மணல், கல் எடுக்கும் இடத்தில் புதிதாகச் சேர்பவருக்கு 24 மணி நேரப் பயிற்சி என்று விதி. அதில் ஒரு பகுதி, வேலையைத் தொடும் முன்பே முடிந்திருக்க வேண்டும். நம் பக்கம் பல இடங்களில் 'அண்ணன் செய்வதைப் பார்த்துக்கொள்' என்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. அண்ணன் முப்பது ஆண்டுகளாகத் தப்பாகவே செய்து தப்பித்து வந்தவராகவும் இருக்கலாம். ஆகவே நீங்களாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே மேலாளர் யார்? ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் யார்? கப்பலிலிருந்து கரைக்கு எத்தனை வழி? ஒரே ஒரு நடைபாலம்தான் என்றால், அது அறுந்துபோனால் படகு எங்கே? அவசர நிறுத்தப் பொத்தான்கள் எங்கெங்கே இருக்கின்றன? சைரன் எத்தனை முறை ஒலித்தால் என்ன பொருள்? கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். "அதோ அங்கே" என்று மோவாயால் காட்டுவதை ஏற்காதீர்கள்.

பலகைகள் மலாயில்தான் இருக்கும். 'ஆவாஸ்' என்றால் கவனம், 'பஹாயா' என்றால் ஆபத்து, 'டிலாராங் மாசோக்' என்றால் உள்ளே வராதே. உடன் வேலை செய்பவர் வங்காளதேசத்தவராகவோ இந்தோனேசியராகவோ நேப்பாளியாகவோ இருப்பார். இயந்திரச் சத்தத்தில் எந்த மொழியும் காதில் விழாது. 'நிறுத்து', 'இறக்கு', 'தூக்கு' ஆகிய மூன்றுக்கும் அந்த இடத்தில் என்ன கைச்சைகை என்பதை முதல் நாளே ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பிருந்தால் சேரும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராக்கின் தஞ்சோங் துவாலாங்குக்குப் போய் அங்கே நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பலைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1938இல் கட்டியது, 4,500 டன் எடை, 1982 வரை வேலை செய்தது. இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. நீங்கள் ஏறப்போவது சிறிய பம்புக் கப்பலாக இருந்தாலும், மிதவை எப்படித் தாங்குகிறது, கயிறுகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பது அங்கே ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.

தண்ணீர்

2018 அக்டோபர் 3ஆம் தேதி, பூச்சோங்கில் கைவிடப்பட்ட ஒரு ஈயக் குட்டையில் விழுந்த பதினேழு வயதுப் பையனைத் தேடப் போன ஆறு தீயணைப்பு வீரர்கள் மூழ்கி இறந்தார்கள். ஆறு பேரும் தண்ணீரில் இறங்கப் பயிற்சி பெற்றவர்கள். எனக்கு நீச்சல் தெரியும் என்று சொல்லும் பையன்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவேன். குட்டையில் கரை படிப்படியாக இறங்காது, செங்குத்தாக விழும். கலங்கலில் உள்ளே எதுவும் தெரியாது. முழங்கால் உயர பூட்ஸோடு காலை உதைத்து நீந்துவது எளிதில்லை.

உயிர்காப்பு அங்கியை நடைபாலத்தில் கால் வைக்கும் முன் கரையிலேயே அணியுங்கள். கப்பலில் ஏறிய பிறகு அணியலாம் என்பவர்கள் பாலத்தில்தான் வழுக்குகிறார்கள். வாரை முழுதாகப் பூட்டுங்கள். திறந்த அங்கி தண்ணீரில் தலைக்கு மேலே ஏறிவிடும். வெயிலில் வேர்க்கிறது என்று கழற்றி ஆணியில் மாட்டிய அங்கி யாரையும் காப்பாற்றியதில்லை. மிதவை வளையத்தில் கயிறு கட்டியிருக்கிறதா, அந்தக் கயிறு சிக்கல் இல்லாமல் ஓடுமா என்று வாரம் ஒரு முறை வீசியே பாருங்கள். ஓரத்தில் தனியாக வேலை செய்யாதீர்கள். ஒருவன் விழுந்ததை இன்னொருவன் பார்த்தால்தான் மற்றதெல்லாம்.

நின்ற சங்கிலி

ஈயக் கப்பலில் ஏணி போன்ற நீண்ட சட்டத்தின் மேல் இரும்பு வாளிகள் சங்கிலியாகச் சுற்றி வரும். மேற்புறம் ஏறும் வாளிகளில் மண் நிறைந்திருக்கும், கீழ்ப்புறம் இறங்கும் வாளிகள் காலி. மோட்டாரை நிறுத்தினால் சங்கிலி நிற்கும். ஆனால் நிறைந்த வாளிகளின் பாரம் எங்கும் போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பிரேக் மட்டுமே.

என்னோடு வேலை செய்த ஒருவர், வாளிக்கிடையே சிக்கிய மரவேரை வெட்டப் போனார். மோட்டார் நின்றிருந்தது, ஃபியூசையும் நானே கழற்றியிருந்தேன். சட்டப்படி மின்சாரம் பூஜ்யம். வேர் அறுந்ததும் சங்கிலி ஒரு வாளி அளவு பின்னால் ஓடி நின்றது, அவ்வளவுதான். இரண்டு விரல்கள் போய்விட்டன. மின்சாரத்தை மட்டும் பூட்டிவிட்டு, எடையைப் பூட்ட மறந்தோம். அன்றைக்கு என் கணக்கிலும் பாதித் தவறு உண்டு.

அதிலிருந்து நான் பிடித்த முறை இது. முதலில் இயக்குபவரிடம் நேரில் சொல்லி நிறுத்தச் செய்யுங்கள், வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்து உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பிறகு, எது விழலாம், எது உருளலாம், எதில் அழுத்தம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, சங்கிலியைக் கட்டை கொடுத்துத் தடுங்கள், ஏணியைத் தாங்கி மேல் இறக்குங்கள், ஹைட்ராலிக் அழுத்தத்தையும் குழாயில் தேங்கிய நீரையும் வெளியேற்றுங்கள். கடைசியாக ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், இயங்கக் கூடாது. இதற்கெல்லாம் இருபது நிமிடம் ஆகும். மண்டோர் (மேஸ்திரி) முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இன்றைய மணல் கப்பலில் வாளிச் சங்கிலி இருக்காது, உறிஞ்சும் பம்பு இருக்கும். பம்பு அடைத்துக்கொண்டால் உள்ளே கை விட்டுக் கல்லை எடுக்கும் பழக்கம் உண்டு. வெளியேற்றும் குழாய் உயரத்தில் இருந்தால், அதில் உள்ள நீர் திரும்பி இறங்கும்போது சக்கரத்தைச் சுழற்றும். மோட்டாருக்கு மின்சாரம் தேவையே இல்லை.

மூடிக் கிடக்கும் மிதவை அறை

புதியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்காது. கப்பலைத் தாங்கும் இரும்பு மிதவை உள்ளே தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கும். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். அதனால்தான் மூடிகள் எப்போதும் இறுக மூடியிருக்க வேண்டும். அறைக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்க வேண்டும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால், விளிம்பில் நடக்கும் உங்களுக்கு முதலில் தெரியும். உடனே சொல்லுங்கள்.

ஆனால் பார்ப்பது வேறு, இறங்குவது வேறு. இரும்பு துருப்பிடிக்கக் காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த அறையில் வாசனை இல்லை, புகை இல்லை, ஆக்சிஜனும் இல்லை. இறங்கியவர் இரண்டு மூன்று மூச்சில் சரிந்துவிடுவார். மேலே நிற்பவர், நண்பன் மயங்கிவிட்டான் என்று பின்னாலேயே குதிப்பார். இப்படித்தான் ஒரே அறையிலிருந்து இரண்டு, மூன்று உடல்களை எடுக்க வேண்டி வருகிறது.

மலேசியாவில் அடைபட்ட இடத்துக்கென 2010ஆம் ஆண்டின் நடைமுறை விதித்தொகுப்பு இருக்கிறது. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருப்பதைக் கருவியால் அளந்து, எழுத்து மூல அனுமதி வாங்கி, வாயிலில் பயிற்சி பெற்ற காவலர் நிற்க, பயிற்சி பெற்றவர் மட்டுமே இறங்கலாம். "தம்பி ஒல்லியாக இருக்கிறான், அவனை இறக்கு" என்று யாராவது சொன்னால், மேலே எழுதிய 26ஏ பிரிவு அந்த நிமிடத்துக்குத்தான்.

கயிறும் மின்சாரமும்

கப்பலைக் கரையோடு இழுத்துப் பிடிக்கும் கம்பிக் கயிறு தளர்ந்து தண்ணீரில் கிடக்கும்போது அதைத் தாண்டிப் போகத் தோன்றும். கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச் சுற்றத் தொடங்கினால் அது ஒரு நொடியில் இடுப்பு உயரத்துக்கு எழும். அறுந்தால் இரண்டு முனையும் சாட்டையாகத் திரும்பும். இறுகிய கயிற்றின் நேர்கோட்டிலும், அது கப்பியில் திரும்பும் வளைவுக்கு உள்பக்கத்திலும் நிற்காதீர்கள். கயிற்றைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், உடைந்த இழை தோல் கையுறையையும் கிழிக்கும்.

கரையிலிருந்து கப்பலுக்கு வரும் மின் கேபிள் புல்லில் பாம்பு போலக் கிடக்கும். அதன் மேல் லாரி ஏறக் கூடாது, மண்வெட்டி படக் கூடாது. காயம் பட்ட கேபிளுக்கு டேப் சுற்றுவது உங்கள் வேலை அல்ல. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ள சார்ஜ்மேனைக் கூப்பிடுங்கள். நம் ஊரில் மதியத்துக்கு மேல் இடி இறங்குவது புதிதில்லை. பரந்த நீரில் உயரமாக நிற்பது உங்கள் கப்பல் ஒன்றுதான். இடி காதில் விழுந்தாலே வேலையை நிறுத்திக் கரைக்குப் போய்விடுங்கள், மழைக்காகக் காத்திருக்காதீர்கள்.

கரை, சேறு, லாரி

மணல் உறிஞ்சும்போது கரையின் அடி குடையப்படும், மேலே புல் பச்சையாகவே இருக்கும். விளிம்புக்கு இணையாகப் புதிய வெடிப்பு தெரிந்தால் கரை நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கே எக்ஸ்கவேட்டர் நிற்கக் கூடாது, நீங்களும் நிற்கக் கூடாது. லாரி போகும் விளிம்பில் மண் வரப்பு இருக்க வேண்டும். அங்கே ஓடும் மிகப் பெரிய வாகனத்தின் அச்சின் நடு உயரத்துக்கு என்பது அமெரிக்கச் சுரங்க விதி, எங்கும் பின்பற்றத்தக்க அளவு. முழங்கால் உயர வரப்பு லாரிக்குத் தெரியாது.

கழிவுச் சேற்றுக் குட்டை வெயிலில் மேலே ஓடு போலக் காய்ந்திருக்கும். நாய் நடந்து போகும், நீங்கள் நடந்தால் இடுப்பு வரை போய்விடுவீர்கள். குறுக்குவழி வேண்டாம், சுற்றிப் போங்கள்.

கல் குவாரிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெடி வைப்பது உரிமம் பெற்றவரின் வேலை. சைரனுக்குப் பிறகு அவர் வந்து பார்த்து 'சரி' என்று சொல்லும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. வெடிக்காத துளையில் எட்டிப் பார்த்தவர் கதையை நான் எழுத விரும்பவில்லை. கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் போடும் தழும்புக்கு மருந்து இல்லை. கைக்குட்டை கட்டினால் போதாது, முகத்தோடு ஒட்டும் சரியான முகக்கவசம் வேண்டும். சத்தத்துக்கு 2019ஆம் ஆண்டின் விதி இருக்கிறது: நாள் முழுவதற்குமான சராசரி 85 டெசிபலைத் தாண்டினால் காதுக் கவசமும், ஆண்டுதோறும் செவிப் பரிசோதனையும் முதலாளியின் பொறுப்பு. என் இடது காது அந்த விதிக்கு முந்திய காலத்துக் காது.

ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் 999. இயந்திரத்தை நிறுத்துங்கள், ஆனால் காயம் பட்டவரை வெளியே எடுக்கத் தேவையானதைத் தவிர எதையும் நகர்த்தாதீர்கள். விசாரணைக்கு வருபவர் இடத்தை இருந்தபடியே பார்க்க வேண்டும். கழுவித் துடைத்து வைக்கச் சொல்லும் மேலாளரும் உண்டு. கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு காயத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்று லேசாகத் தெரியும் முதுகு வலி மூன்று மாதத்தில் அறுவைச் சிகிச்சையாகலாம், அப்போது பதிவு இல்லாவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் பெர்கேசோ உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலையிட விபத்துக் காப்பு இருக்கிறது. உங்கள் வங்காளதேச நண்பரிடமும் சொல்லுங்கள்.

கிளினிக்கில் மருத்துவர் கேட்டால் வீட்டில் விழுந்தேன் என்று சொல்லச் சொல்வார்கள், சொல்லாதீர்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வேலையில் என்று உள்ளபடி சொல்லி, அதை மருத்துவ அறிக்கையில் எழுதச் செய்யுங்கள். அறிக்கைக்கும் அறிவிப்புப் பாரத்துக்கும் ஒரு பிரதி வாங்கி வீட்டில் வையுங்கள். கப்பலில் வைத்தால் நனைந்துவிடும்.